நார்த்தாமலைக்குப் போன மூன்று சைக்கிள்கள்

எங்கள் எம்.கே.பி. நகரில் மலை கிடையாது. மேடு என்று சொல்வதற்கு மூலக்கடை மேம்பாலம் இருக்கிறது. பள்ளம் என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் அது குளமாகிவிடும். மற்றபடி கேப்டன் காட்டன் கால்வாயின் ஓரமாகத் தட்டையாகக் கிடக்கும் ஊர் இது. மலையேறும் சைக்கிளைப் பற்றி இங்கே உட்கார்ந்து எழுதுவது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

2023 மே மாதம், கோடை விடுமுறை. என் மகள் போனில் ஒரு பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பெயின் நாட்டில் பெண்களுக்காக நடக்கும் ‘லா வுவெல்தா ஃபெமெனினா’. ஏழு நாள் பந்தயம், கடைசி நாள் அஸ்தூரியாஸ் மலைகளில் கோவதோங்கா ஏரிகள் வரைக்கும் ஏற்றம். “அம்மா, இந்த ரோட்டப் பாரேன்” என்றாள். பார்த்தேன். ஈரம் குறையாத பச்சை மலை, கல் வீடுகள், ஆளரவமில்லாத வளைவுகள். வண்டிக்காரிகள் கடந்துபோகும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவிகள் கைதட்டினார்கள். மகளின் கண் பந்தயத்தில் இருந்தது. என் கண் கிழவிகளிடம் நின்றுவிட்டது.

காரணம், வயதைக் கணக்குப் போட்டேன். எண்பதைத் தொட்டிருக்கும் ஒரு ஸ்பானியப் பெண்ணுக்கு 1975இல் முப்பது வயதுக்கு மேல் இருந்திருக்கும். அந்த ஆண்டு மே மாதம் சட்டம் திருத்தப்படும்வரை அந்த நாட்டில் மணமான பெண் வேலைக்குச் சேர, வங்கிக் கணக்கு தொடங்க, கணவனின் அனுமதி வேண்டும். பிராங்கோ ஆட்சி முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்த விதி போனது. ஆண்களுக்கான வுவெல்தா பந்தயமோ 1935லேயே தொடங்கிவிட்டது. அதே மலை, அதே ரோடு. இவர்கள் வாசலில் உட்கார்ந்து எத்தனை ஆண்டுகள் ஆண்கள் ஏறிப்போவதை மட்டும் பார்த்திருப்பார்கள்!

அந்தப் பந்தயத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆறாம் நாள் டச்சு வீராங்கனை டெமி வோலரிங் சிறுநீர் கழிக்க வழியில் நின்றார். அந்த நேரத்தில் முன்னால் போன கூட்டம் வேகமெடுத்துவிட்டது. அன்று அவர் ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்தார். மறுநாள் கோவதோங்கா ஏற்றத்தில் முதலாவதாக வந்தும், மொத்தக் கணக்கில் அன்னமீக் வான் ஃப்ளூட்டனிடம் ஒன்பது வினாடியில் தோற்றார். நின்றவளை விட்டுவிட்டு ஓட்டியது முறையா என்று பெரிய விவாதம் நடந்தது. எனக்கு அந்த முறை, முறையின்மை பற்றியெல்லாம் கருத்தில்லை. மூத்திரம் போக நிற்பது ஒரு பெண்ணின் பயணத்தைத் தீர்மானிக்கும் என்பதை நம்மில் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. காலை முதல் வகுப்புக்குப் பேருந்து பிடிக்கும் நாளில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் ஆசிரியைகள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்!

பெண் ஏறினால் சைக்கிளும் ஒரு வழக்காக மாறிவிடுவது பழைய கதை. இன்று நாம் ஓட்டும் வடிவத்தில், இரண்டும் ஒரே அளவுச் சக்கரமாகச் சைக்கிள் வந்தது 1885இல், இங்கிலாந்தில். மூன்று ஆண்டு கழித்து டன்லப்பின் காற்றடைத்த டயர். அதன் பிறகுதான் நீளப் பாவாடை கட்டிய பெண்ணும் ஏற முடிந்தது, ஏறினாள், உடனே எரிச்சலும் தொடங்கிவிட்டது. 1897 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது எதிர்ப்பாளர்கள் ஒரு கொடும்பாவி செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். அது சைக்கிள் ஓட்டும் பெண்ணின் உருவம். படிக்கும் பெண்ணைக் கேலி செய்ய அவர்களுக்குக் கிடைத்த சின்னம் புத்தகம் அல்ல, சைக்கிள். அங்கே பெண்ணுக்கு முழுப் பட்டம் கிடைக்க 1948 ஆயிற்று. இத்தாலியில் 1924இல் அல்ஃபோன்சினா ஸ்த்ராதா ஆண்களின் நாடு சுற்றும் பந்தயத்தில் ஓட்டினார். வழியில் ஹேண்டில்பார் உடைந்தது. ஒரு விளக்குமாற்றுக் கட்டையை ஒடித்துச் செருகிக்கொண்டு தொடர்ந்து ஓட்டினார் என்று சொல்கிறார்கள். நேரக் கணக்கில் விலக்கப்பட்ட பிறகும் மிலான் வரை ஓட்டி முடித்தார். விளக்குமாறு அப்படியொரு வேலைக்குப் பயன்பட்டது எனக்குப் பிடித்த செய்தி.

சரி, நம்மூருக்கு வருகிறேன். வடசென்னை சைக்கிளால் ஓடிய ஊர். பின்னி மில், துறைமுகம், திருவொற்றியூர் என்ஃபீல்டு, எண்ணூர் அசோக் லேலண்ட் என்று ஷிப்டு விடும் நேரத்தில் சாலை முழுக்கச் சைக்கிளாக இருக்கும் என்று என் அப்பா சொல்வார். நகரத்தின் மேற்கு ஓரத்தில் அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை வந்துவிட்டது. ஆனால் அந்தச் சாலையை நிறைத்தவர்கள் ஆண்கள். பெண்கள் அப்போது வேலைக்குப் போகவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசிமேட்டிலிருந்து மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்த பெண்கள் யார்? தூரமும் சுமையும் அவர்களுக்கு இருந்தது. சக்கரம்தான் இல்லை.

நான் சைக்கிள் கற்றது வாடகைச் சைக்கிளில், பதினொரு வயதில். கடையில் மணிக்கணக்கில் கொடுப்பார்கள். சின்னச் சைக்கிள் எல்லாம் வெளியே போயிருந்தால் பெரிய ஆம்பளை வண்டிதான். பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல். சீட்டில் உட்கார எட்டும் உயரம் வந்தபோது நான் வயதுக்கு வந்துவிட்டேன். வீட்டில் யாரும் “ஓட்டாதே” என்று சொல்லவில்லை. வாடகைக்குக் காசு கேட்டால் “எதுக்குடி இப்ப?” என்றார் அம்மா. அவ்வளவுதான். தடை என்ற சொல்லே இல்லாமல் ஒரு விஷயம் நின்றுபோகும் விதம் அது. என் தம்பி எட்டாவது படிக்கும்போது அவனுக்குச் சொந்தமாகவே வண்டி வந்தது. நான் கேரியரில் உட்கார்ந்து டியூஷனுக்குப் போனேன்.

அதே ஆண்டுகளில்தான் புதுக்கோட்டையில் அது நடந்துகொண்டிருந்தது. என் சித்தியைக் கீரனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பள்ளி விடுமுறைக்குப் போன இடத்தில் சித்தி சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு வந்தது பொறாமை. வியப்பெல்லாம் பிறகுதான்.

புதுக்கோட்டை வரலாற்றில் பெண்கள் கூடாத இடத்துக்குள் நுழைந்த கதை இதற்கு முன்பும் உண்டு. 1886இல் அங்கே பிறந்த முத்துலட்சுமி, ஆண்களின் கல்லூரியாக இருந்த மகாராஜா கல்லூரியில் சேர எத்தனை எதிர்ப்பைக் கடந்தார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் அது ஒருத்தியின் கதை. 1991இல் தொடங்கியது கூட்டத்தின் கதை. முந்தைய ஆண்டு கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த அலை இங்கே அறிவொளி இயக்கமாக வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தவர், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கிராமத்து இளம்பெண்கள் எனத் தொண்டர் படை. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தார். ராத்திரி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பேருந்து இல்லை, இருந்தாலும் அந்த நேரத்துக்கு வராது. அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விட்டால்தான் வகுப்பு நடக்கும் என்றால் எழுத்தறிவே அந்த ஆணின் தயவில் நிற்கும். எனவே சைக்கிள். எழுத்தோடு சைக்கிளும் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. எண்ணும் எழுத்தும் நம் மரபில் கண்ணெனத் தகும். இங்கே காலும் சேர்ந்துகொண்டது.

பயிற்சி முகாம்கள் நடந்தன. தொண்டர்கள் சைக்கிளுக்கென்றே பாட்டுக் கட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அப்போது அங்கே சென்று எழுதியதில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் 70,000க்கும் மேற்பட்டோர் பொது இடத்தில், கூட்டத்தின் முன்னால் ஓட்டிக்காட்டியவர்கள். 1992 மகளிர் நாளில் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் ஓட்டி வந்தார்கள். அந்த ஆண்டே மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விவரம். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பெண்கள் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே கற்றார்கள். பிறகு சிலர் அதையே விரும்பியும் கேட்டார்கள். ஏன் என்றால் அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் பாவாடைக்காக அந்தப் பாரை வளைத்துத் தாழ்த்தி ‘பெண்ணுக்கான வண்டி’ செய்தார்கள். புதுக்கோட்டைப் பெண்ணோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்கு நேர் பார் வண்டியே போதும் என்றாள். வடிவமைப்பாளரின் கணக்கில் பெண்ணுக்கு மானம் மட்டும் இருந்தது, பிள்ளை இல்லை.

இந்த வரலாற்றை நம் மேடைகளில் சொல்லும்போது ஒரு வசதியான வடிவம் வந்துவிட்டது. நல்ல ஆட்சியர், நல்ல திட்டம், விடுதலையான பெண்கள். நானே வகுப்பில் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரைக்காகச் சித்தியிடம் விவரமாகக் கேட்க உட்கார்ந்தேன். ரெக்கார்டரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். முழங்காலில் அறுவை முடிந்திருந்தது; அதே முழங்காலில் 1992இல் விழுந்த தழும்பும் இருந்தது.

“சந்தோசமா இருந்துச்சா சித்தி?”

“இருந்துச்சு. அப்புறம் தண்ணி.”

“என்ன தண்ணி?”

“முன்னயெல்லாம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒஞ் சித்தப்பா தூரத்துக் கெணத்துல தண்ணி எடுத்துட்டு வருவாரு, சைக்கிள்ல. நான் ஓட்டக் கத்துக்கிட்டதும் அந்த வேல எனக்கு வந்திருச்சு. ரேசன் கடை எனக்கு. மாமியாள ஆசுபத்திரிக்கு வச்சு அழுத்துறதும் நாந்தான். நீதான் ஓட்டுறியேன்னு சொன்னா முடிஞ்சது.”

ரெக்கார்டரை நிறுத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது, ஒப்புக்கொள்கிறேன். என் கட்டுரைக்கு இது பொருந்தவில்லை. நான் தேடி வந்தது விடுதலை. கிடைத்தது இரண்டு குடம் தண்ணீர். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதுதான் நம் வீடுகளின் முழு வரலாறு. மிக்ஸி வந்தது, அரைக்கும் நேரம் குறைந்தது, தினம் மூன்று சட்னி வந்தது. பெண்ணின் கையில் ஒரு கருவி சேரும்போது வீடு அவளுக்கு வேலையைச் சேர்க்கிறது. சைக்கிள் அவளுடைய நேரத்தை மிச்சப்படுத்தியது உண்மை. மிச்சப்பட்ட நேரம் யாருக்குப் போனது என்று எந்த அறிக்கையிலும் ஒரு பத்தி வைத்திருக்க வேண்டும்.

அதனால் சைக்கிளே வீண் என்று சொல்கிற அளவுக்கு நான் போகமாட்டேன். பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சிறுமிகளின் சேர்க்கை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியதைக் காட்டினார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் அந்த ஏற்றம் அதிகம். தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2001-02இல், பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தொடங்கியது. சில ஆண்டுகளில் எல்லா மாணவருக்கும் விரிந்தது.

அந்தச் சைக்கிள்கள் இப்போது எங்கே? இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்டேன். வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள். ஓட்டத் தெரியுமா என்றதற்குப் பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். இப்போது ஓட்டுகிறீர்களா என்றதும் கைகள் இறங்கிவிட்டன. “தம்பி எத்துனு போறான் மேம்.” “அப்பா வேலைக்கு.” “வித்துட்டோம்.” ஒருத்தி எழுந்து, “பன்னெண்டாவது முடிஞ்சதும் யாரும் ஒண்ணும் சொல்லல மேம். ஆனா காலேஜுக்குச் சைக்கிள்ல வந்தா ஒரு மாதிரி இருக்கும்” என்றாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவின் “எதுக்குடி இப்ப?”. வாசகம் மட்டும் இப்போது அவளுக்குள்ளிருந்தே வருகிறது. இன்னொருத்தி சொன்ன காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை: “கண்டெய்னர் லாரி மேம்.” துறைமுகத்துக்குப் போகும் அந்த லாரிகளின் வரிசைக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டு என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்ல முடியாது.

போக்குவரத்து பற்றிப் பேசும் எல்லாத் திட்டங்களும் ‘எங்கே போகிறாய்’ என்றுதான் பெண்ணைக் கேட்கின்றன. பள்ளிக்கு, வேலைக்கு, ரேஷனுக்கு, மருத்துவமனைக்கு. பதில் இருந்தால் வண்டி கிடைக்கும். அந்த ஸ்பெயின் மலை ரோட்டில் என்னை அசைத்தது இதுதான் என்று பிறகு புரிந்தது. அந்தப் பெண்கள் ஏரிக்கரைக்கு ஏறிப்போனது தண்ணீர் எடுக்க அல்ல. பந்தயக்காரிகளுக்காவது பரிசும் சம்பளமும் உண்டு. பந்தயம் இல்லாத நாளில் அதே ரோட்டில் சும்மா ஏறி, ஒரு காப்பி குடித்துவிட்டு இறங்கும் பெண்களும் இருக்கிறார்கள். நம்மூரிலும் இப்போது விடியற்காலையில் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படி ஏறும் பெண்கள் உண்டு. விலையுயர்ந்த வண்டி, தலைக்கவசம், வார விடுமுறை எல்லாம் வாய்த்தவர்கள். வாய்க்காதவர்களுக்கு அந்த ‘சும்மா’ எப்போதாவது கிடைத்ததா?

சித்தியிடம் அதையும் கேட்டேன். ஒரு வேலையும் இல்லாமல் எங்கேயாவது போனீர்களா?

கதவுப் பக்கம் பார்த்தார். சித்தப்பா இறந்து ஆறு ஆண்டு ஆகிறது, இருந்தாலும் பார்த்தார்.

“ஒரு தடவ. நார்த்தாமலைக்கு.”

கீரனூரிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் போய்த் திரும்பினால் நார்த்தாமலை. ஸ்பெயின்காரர்கள் கேட்டால் மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெயிலில் மொட்டையாகக் கிடக்கும் பாறைக் குன்றுகள், இடையில் சின்ன ஊர், மாரியம்மன் கோயில், மேலே விசயாலய சோழீசுவரம். அறிவொளியில் சித்தியோடு கற்ற இரண்டு பெண்கள், சித்தி, மூன்று சைக்கிள். அதில் ஒன்று வாடகை. வீட்டில் அறிவொளிக் கூட்டம் என்று சொன்னார்கள். ஏற்றத்தில் ஒருத்தி இறங்கித் தள்ளினாளாம், சித்தி இறங்கவில்லையாம். அதைச் சொல்லும்போது இப்போதும் முகத்தில் ஒரு பெருமை.

“சாமி கும்புடப் போனீங்களா?”

“இல்ல புள்ள. வெள்ளி செவ்வா கெடையாது அது. பாறை மேல ஏறி உக்காந்தோம். புளிச்சோறு கட்டிட்டுப் போயிருந்தோம், தின்னோம். காத்து நல்லா அடிச்சுச்சு. ராக்காயிக்கு ஒண்ணும் பேச்சு வரல, சிரிச்சுக்கிட்டே இருந்தா. எறங்கையில பிரேக்கே பிடிக்கல நாங்க.”

ராக்காயி என்பது அவர் பெயரல்ல, நான் மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண் எங்கே இருக்கிறார் என்று சித்திக்கும் தெரியவில்லை. திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

புதுக்கோட்டை சைக்கிள் இயக்கம் பற்றி எழுதப்பட்டவற்றில் பாதியாவது நான் படித்திருப்பேன். எத்தனை பேர் கற்றார்கள், எத்தனை பேர் ஓட்டிக்காட்டினார்கள், யுனிசெஃப் தொண்டர்களுக்கு ஐம்பது மொபெட் கொடுத்தது, எல்லாம் பதிவாகியிருக்கிறது. வீட்டில் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு எத்தனை பெண்கள் எத்தனை பாறைகளுக்குப் போனார்கள் என்று எண்ண யாரிடமும் நோட்டு இல்லை. அந்தப் பொய்யை நான் சித்தியின் எழுத்தறிவில் சேர்த்துக்கொள்கிறேன். அன்றைய அறிவொளி வருகைப் பதிவில் அவர் கூட்டத்துக்கு வந்ததாகக் குறித்திருக்கவும் கூடும், கையெழுத்துப் போடுவது தோழி, அவளே சொல்லிவிட்டாளாம், “பாத்துக்குறேன், நீங்க போயிட்டு வாங்க.”

இந்தக் கட்டுரையை முடிக்கும் முன் பெரம்பூரில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். நேர் பார் வைத்தது. முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு, லாரிகள் வருமுன், மகளும் நானும் மத்திய அவென்யூ வழியாக மூலக்கடை வரை போனோம். மேம்பாலத்தின் பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. இறங்கித் தள்ளினேன். பால் கேன் கட்டிய வண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, “எங்கம்மா இந்நேரத்துல?” என்றார். அக்கறையாகத்தான் கேட்டார்.

வாயில் பதில் தயாராக இருந்தது: கோயிலுக்கு. சொல்லாமல் இருக்க ஒரு நொடி பிடித்தது.

“சும்மாதாங்க.”

அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். மகள் அதற்குள் பாலத்தின் மறுபக்கம் இறங்கியிருந்தாள்.